ஓய்வில் இருந்த குரல்கள்

சர்வர் அறைக்குள் போகும்போது அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவாள். அப்படி ஒரு விதி அங்கே கிடையாது. கேட்டால் தூசி என்பாள். உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுடைய ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்துக் கணக்கு எல்லாம் அந்த இரும்பு அலமாரிகளுக்குள்தான் இருந்தன. செருப்போடு போனால் நோயாளியின் கட்டிலை உரசிக்கொண்டு நடப்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு ‘சர்வர் அக்கா’ என்று பெயர். அவளுடைய அண்ணன், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், குரல் இருந்த காலத்தில் எல்லோரிடமும் சொல்லுவான்: “என் தங்கச்சி பெரிய ஆஸ்பத்திரியில சர்வர். ஆனா பாருங்க, ஒரு டீ கொண்டுவரச் சொன்னா கொண்டுவர மாட்டா.”

அந்தச் சனிக்கிழமை காலை அவள் போர்வை மாதிரி ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, குளிரில் மூக்கு ஒழுக, திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி இடம் மாறவில்லை. ஆனால் அதன் எஜமான் மாறியிருந்தார். ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரி இந்தச் சின்ன ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘இணைந்தோம்’ என்றது சுற்றறிக்கை. ‘முழுங்கிட்டான்’ என்றார்கள் கேன்டீனில். கணினிகளும் இப்போது அந்தப் பெரிய குடும்பத்துக்குள், அவர்கள் பாஷையில் சொன்னால் வேறு டொமைனுக்குள், போய்ச் சேர வேண்டும்.

ஒரு கட்டடத்தைப் பல குடித்தனங்களாகத் தடுத்து விட்டதுபோல, ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கணினிகள் இருக்கும். தொட்டுப் பார்க்க உடம்பு இல்லாத கணினிகள். ஒவ்வொன்றும் தான் தனி வீடு என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். இவற்றை எல்லாம் கவனித்துக்கொள்ள ஒரு மேற்பார்வை சர்வர் உண்டு. எதை எழுப்புவது, எதைத் தூங்க வைப்பது, யாருக்கு எந்தக் கதவின் சாவி என்று அதற்குத்தான் தெரியும். அன்றைக்கு அவள் குடிமாற்ற வேண்டியது அதைத்தான்.

குடிமாறும் முன் அந்த சர்வர் ஒரு காரியம் செய்யும். இந்த வீட்டிலும் அந்த வீட்டிலும் ஒரே பெயரில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து, மோதுகிறவற்றை எல்லாம் எழுதிக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று சொற்களில் ஒன்றை மனிதர் எழுத வேண்டும். ‘நகல்’ என்றால் நம்முடையதும் பெயர் சற்று மாறித் தனியாகவே வரும். ‘விடு’ என்றால் நம்முடையது கைவிடப்படும். ‘சேர்’ என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

தொலைபேசியின் மறுமுனையில் தலைமையகத்துப் பையன் இருந்தான். அவள் அவனைப் பார்த்ததே இல்லை. குரலை வைத்து, ஒல்லியாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்துக்கும் ‘சேர்’னு போட்டு விட்டுருங்க மேடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்.”

“சேர்றதுக்கு முன்னாடி யாரோட சேர்றோம்னு பாக்க வேணாமா தம்பி?”

“பாத்தா யாருமே சேர மாட்டாங்க மேடம். எங்க அம்மாவே சொல்லியிருக்காங்க.”

அவள் சிரித்தாள். ஆனாலும் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாள். உடம்பில்லாத இந்த இயந்திரங்களின் மேல் ஒட்டிவைக்கும் அடையாளச் சீட்டுகளில்தான் மோதல் அதிகம். இரண்டு வீட்டிலும் ‘இரவு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இவளிடத்தில் அது இரவில் மட்டும் வேலை செய்யும் இயந்திரங்களுக்கு. “உங்ககிட்ட ‘இரவு’ன்னா என்ன தம்பி?” என்று கேட்டாள்.

“ராத்திரியில அணைச்சு வைக்கலாம்னு அர்த்தம்.” அவன் விசைப்பலகையில் எதையோ தட்டினான். பிறகு விசிலடித்தான். “அய்யோ மேடம்! சேத்திருந்தா உங்க லேப் மொத்தமும் ராத்திரி படுத்திருக்கும்.”

‘நகல்’ என்று எழுதினாள். மனசுக்குள் ஒரு சின்னப் பெருமிதம். கூடவே, பெருமைப்பட வேண்டாம் என்று கடவுளிடம் ஒரு மன்னிப்பு. அவள் சுபாவம் அப்படி.

ஒரு மணி வாக்கில் பையன், “சாப்பிட்டுட்டு வந்துர்றேன் மேடம். காலையிலயும் ஒன்னும் சாப்பிடல. சந்தேகம்னா உடனே போன் அடிங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் வந்தது ‘ஓய்வு’.

அந்தச் சீட்டு ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் இயந்திரத்தின் மேல்தான் இருந்தது. பேச்சுப் பயிற்சிப் பிரிவினுடையது. தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுக்க வேண்டியவர்களை, அறுவைக்கு முன்னால், அங்கே உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். பக்கம் பக்கமாக வாக்கியங்களைப் படிக்க வேண்டும். பின்னால் அந்தப் பதிவுகளிலிருந்து அவரவர் குரலிலேயே பேசும் கருவி ஒன்றைச் செய்து கொடுப்பார்கள். எழுத்தைத் தட்டினால் அது பேசும். கருவி செய்யும் புது மென்பொருள் தலைமையகத்திலிருந்து வர வேண்டியிருந்ததால் அதுவரை இயந்திரத்தை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தாள் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பேச்சு டீச்சர்.

“சீட்டுல என்ன எழுதட்டும் டீச்சர்?” என்று இவள் அப்போது கேட்டாள்.

அறுவை முடிந்தவர்களின் கட்டில் தலைமாட்டில் ‘குரல் ஓய்வு’ என்று ஒரு பலகை தொங்கும். டீச்சர் அதைக் காட்டினாள். “அவங்களோட சேர்ந்து இதுவும் ஓய்வு எடுக்கட்டும் அக்கா.”

அண்ணனின் குரலும் அதற்குள்தான் இருந்தது. கொடுத்த வாக்கியங்களோடு நிற்காமல், “கிளட்ச மிதிங்க மேடம், என் காலை இல்ல” என்று அவன் சொந்தச் சரக்கையும் சேர்த்துப் பேசி டீச்சரைக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க வைத்திருந்தான். கடைசியில் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, மனைவிக்கென்று தனியாக ஏதோ பேசிப் பதிவு செய்தான். என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை.

தலைமையகத்திலும் ‘ஓய்வு’ என்று ஒரு சீட்டு இருந்தது. அதன் விளக்கத்தில் ‘இயங்காதவை’ என்று இருந்தது. இவளுடையதில் விளக்கக் கட்டம் காலி. டீச்சர் சொன்னது மனதில் இருந்ததால் எழுதத் தோன்றவில்லை.

இயங்காதவை. சரிதானே, இதுவும் இயங்கவில்லை. தொலைபேசியை ஒரு முறை பார்த்தாள். காலையிலும் சாப்பிடாத பிள்ளை, இப்போதுதான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான். அவனை எழுப்புவானேன் என்று இரக்கப்பட்டாள். ‘சேர்’ என்று எழுதினாள்.

மாலைக்குள் குடிமாற்றம் முடிந்தது. ஒரு பிசகும் இல்லை. “உங்க கை ராசியான கை மேடம்” என்றான் பையன்.

மறுநாள் காலை அவள் வேண்டுதலை முடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அண்ணி, “வாங்க நாத்தனாரே. நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க அண்ணனும் இன்னொரு ஆளும் சேந்துக்கிட்டு என்னை ஒரு வழி பண்றாங்க” என்றாள்.

இன்னொரு ஆள் என்பது கைபேசி. அண்ணன் எழுத்தைத் தட்டினால், செய்தி வாசிப்பவன் மாதிரி ஒரு வழுவழுப்பான ஆண்குரல் அதைப் படிக்கும். கழுத்தின் ஓட்டையை மறைத்த வெள்ளைத் துணி மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்க, அண்ணன் தட்டினான்.

“குழம்பில் உப்பு குறைவாக இருக்கிறது” என்றது வழுவழுப்புக் குரல்.

“கேட்டீங்களா? என் வீட்டுக்குள்ள யாரோ ஒருத்தன் வந்து உக்காந்துக்கிட்டு உப்பு கம்மிங்கறான். இவர் திட்டினா திருப்பித் திட்டுவேன். இந்த ஆள்கிட்ட எனக்கு மரியாதையா பேச வருது, என்ன பண்றது?”

அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தான், சத்தமே இல்லாமல். பிறகு தங்கையைப் பார்த்து விரலால் தன் தொண்டையைத் தொட்டு, எப்போது என்பதுபோல் கையை விரித்தான்.

“நாளைக்கு அண்ணே. நாளைக்குக் காலையில டீச்சர் வேலையை ஆரம்பிச்சிருவாங்க.”

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். சிரிப்பு போயிருந்தது. “சீக்கிரம் கொண்டாங்கம்மா. இவர் குரல் எனக்கு மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு. நேத்து வேலை செய்யறப்போ நெனச்சுப் பாத்தேன். பாதிதான் வந்துச்சு.”

திங்கட்கிழமை பேச்சு டீச்சர் சர்வர் அறையின் வாசலுக்கே வந்துவிட்டாள். “அக்கா, நம்ம தூங்குமூஞ்சியை எழுப்பி விடுங்க.”

அவள் தேடினாள். பெயரைத் தவறாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தாள். வேறு அலமாரியில் பார்த்தாள். நிகழ்ந்தவற்றைத் தானாக எழுதிவைக்கும் பகுதியைத் திறந்தாள். ஞாயிறு காலை, அவள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்த நேரத்துக்கு எதிரே, அந்த இயந்திரத்தின் பெயரும், ‘வட்டிலிருந்து நீக்கப்பட்டது’ என்ற சொற்களும் இருந்தன.

“என்னக்கா?” என்றாள் டீச்சர்.

“ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லிவிட்டுப் பையனுக்குப் போன் செய்தாள். “தம்பி, உங்ககிட்ட ‘ஓய்வு’ன்னா என்ன?”

“ஓய்வுன்னா… ரிட்டயர் ஆனது மேடம். ஆயுசு முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். அந்தச் சீட்டு இருக்கறதை எல்லாம் தானா அழிச்சு, எடத்தைக் காலி பண்ணிடும். ஏன்?”

அவள் இயந்திரத்தின் பெயரை மட்டும் படித்தாள். அவனுக்குப் புரிய அது போதுமாக இருந்தது.

“அக்கா,” என்றான். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “அதுல என்ன இருந்துச்சு அக்கா?”

“குரல்,” என்றாள். “மனுஷங்க குரல்.”

பேக்கப் இல்லையா என்று யாரும் கேட்பார்கள். அவளே தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டாள். பழைய பேக்கப் முறை, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களை மட்டுமே எடுக்கும். குடிமாறியதும் புதிய முறையில் சேர்த்துவிடலாம் என்று இருந்தாள். டீச்சரின் பதிவுக் கருவியிலோ ஒன்றும் மிஞ்சவில்லை. நோயாளியின் அந்தரங்கம் காக்க, ஒருவர் பதிவு முடிந்து சர்வருக்கு ஏற்றியதும் அதைத் துடைத்துவிட வேண்டும் என்பது விதி. டீச்சர் விதியை ஒரு நாளும் மீறாதவள். எல்லோரும் நல்லவர்களாக, ஒழுங்காக நடந்துகொண்டதில், எதுவும் மிஞ்சாமல் போயிருந்தது.

பையன் சாப்பாடு தூக்கம் இல்லாமல் தோண்டினான். அழிந்த இடத்தின் மேல் அதற்குள் வேறு தரவுகள் வந்து படிந்திருந்தன. புதன்கிழமை மதியம் கூப்பிட்டான்.

“துண்டு துண்டா ஏதோ கெடைக்குது அக்கா. ஓட விட்டா காத்தடிக்கற மாதிரி ஒரு இரைச்சல். குரல்னு சொல்ல ஒன்னும் இல்ல.” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. “அன்னைக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே அக்கா. ‘இரவு’க்குக் கேட்டீங்க இல்ல?”

“நீ சாப்பிட்டுக்கிட்டு இருந்தே.”

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தா என்னக்கா? சாப்பாடுதானே! எந்திரிச்சு வந்திருக்க மாட்டேனா?” அவன் குரல் உடைந்தது. அவள் ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

இதுநாள்வரை அவள் பெரிய புண்ணியங்களை நம்பியதில்லை. அவை பெரிய மனிதர்களுக்கானவை. பசித்தவனைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது, கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது, அடுத்தவர் குடையில் தண்ணீர் வழியாமல் நகர்ந்து நிற்பது என்று சின்னச் சின்னதாக ஒரு வாழ்நாளைக் கடவுள் முன் வைத்துவிடலாம் என்று இருந்தாள். அந்தச் சின்ன நன்மைகளில் ஒன்றுதான் இதைச் செய்தது. அன்று மாலை வேண்டுதலில் உட்கார்ந்தாள். அழிந்ததை எழுப்பித் தா என்று கேட்கலாம். அவள் தொழிலில் அதற்கு பேக்கப் என்று பெயர். அதை எடுக்க வேண்டியவள் அவள்தான். கேட்காமலே எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை கூட்டம் போட்டார்கள். மேலாளர் ஒரு கடித வாசகத்தைப் படித்தார். “தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்…”

“தவிர்த்திருக்கலாம் சார்” என்றாள் அவள்.

“தெரியும்மா. அதை எழுதினா கோர்ட்டுக்குப் போவாங்க. உங்க வேலையும் போயிடும்.”

மேஜை மேல் இருந்த ஒலிபெருக்கியில் தலைமையகத்துப் பையன் இருமினான். “சார், அழிச்சது என்னோட ஸ்கிரிப்ட். கேக்காம அழிக்கற மாதிரி எழுதினது நான். பேர் எழுதணும்னா என் பேரை எழுதிக்குங்க.”

யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை. அவனை யாரும் குற்றம் சாட்டவும் இல்லை. அந்த வார்த்தையால் போன குரல் ஒன்றும் வந்துவிடாது. அவள் மேஜைக்கடியில் தன் கைகளைக் கோத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டாள். அந்த வாரம் அவளால் முடிந்த ஒரே வேண்டுதல் அது.

“கடிதம் வேண்டாம் சார். நான் வீடு வீடா போய்ச் சொல்லிடறேன். என் வேலை போனா போகட்டும்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

முதலில் அண்ணன் வீடு. திங்கட்கிழமையிலிருந்து ‘இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு’ என்று அவனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். இப்போது நின்றபடியே சொன்னாள், உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று. சீட்டு, சேர்த்தது, பையன் சாப்பிடப் போனது, கேட்காமல் விட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணனின் கழுத்துத் துணி வேகமாக உப்பி அடங்கியது.

அண்ணிதான் பேசினாள். “அப்போ, அந்த மிஷின் வராதா?”

“மிஷின் வரும் அண்ணி. அண்ணன் குரல்ல பேசாது.”

“எனக்குன்னு தனியா ஏதோ பேசினாராமே. அதுவும்…?”

“அதுவும்தான்.”

அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, என்ன பேசினீங்க அதுல? எழுதியாவது காட்டுங்க.”

அவன் கைபேசியை எடுத்தான். நிறையத் தட்டினான். நிறுத்தினான். அத்தனையையும் அழித்தான். மறுபடி கொஞ்சம் தட்டிப் படிக்க விட்டான்.

“இன்றைக்கு என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்” என்றது வழுவழுப்பான குரல். நல்ல செய்தி வாசிப்பது போலவே வாசித்தது.

அண்ணி உள்ளே போய்விட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. எதையும் கழுவும் சத்தம் கேட்கவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தங்கையை அவன் திட்டவில்லை. கிண்டலும் செய்யவில்லை. பிறந்ததிலிருந்து கிண்டல் செய்யாமல் அவளை ஒரு தடவைகூட வழியனுப்பாதவன் அவன். அவன் மன்னிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மன்னிக்கும்படி அவளும் கேட்கவில்லை.

“இன்னும் எட்டு வீடு இருக்கு அண்ணே. போயிட்டு வர்றேன்.”

தெருமுனை பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றாள். அடுத்துப் போகும் வீட்டில் எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியமும் நடுவில் நொண்டியது. பஸ் வந்தபோதுதான் கவனித்தாள், கொஞ்சம் தள்ளி அண்ணன் நின்றிருந்தான். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. ஏறினான். அவளுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போகச் சொல்லவும் தோன்றாமல், நன்றி சொல்லவும் துணியாமல் அவள் வழி முழுக்க முன்னால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வீட்டின் அழைப்புமணியை அவள் அழுத்தினாள். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால், கூடத்து நாற்காலியில், கழுத்தில் வெள்ளைத் துணியோடு ஒரு பெரியவர். இவள் மார்பில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் விரிந்தது.

“மிஷின் வந்துருச்சா? ஏங்க, ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்காங்க!” என்று உள்ளே திரும்பிக் கத்தினாள். பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவசரமாக எழுந்தார்.

அவள் அட்டையைக் கையால் மூடிக்கொண்டாள். வழியெல்லாம் சேர்த்துவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

அப்போது அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். மேல் பொத்தானைக் கழற்றினான். துணியை விலக்கி, தன் கழுத்து ஓட்டையைப் பெரியவருக்குக் காட்டினான். பிறகு உதட்டின் மேல் விரலை வைத்து, மெதுவாகத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான்.

பெரியவர் எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டார். அந்த அம்மாளுக்கு இன்னும் விளங்கவில்லை. “அடடே, நீங்களும் நம்ம ஆளா? வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க, வாங்க” என்று சிரித்துக்கொண்டே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவள் செருப்பைக் கழற்றினாள். அண்ணன் முதலில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டான்.

“அம்மா,” என்று அவள் தொடங்கினாள், “நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”